தில்லிக் குளிருக்குக் கதவு தேர்ந்தெடுப்பது எப்படி? நிலை முதல் கீழ் இடுக்கு வரை

கும்பகோணத்திலிருந்து என் அம்மா முதல் முறையாக ஒரு ஜனவரியில் தில்லிக்கு வந்தபோது, மயூர் விகாரில் நாங்கள் வாங்கியிருந்த மூன்றாம் மாடி வீட்டின் வாசற்கதவுக்குக் கீழே பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டிச் செருகியிருந்தேன். அம்மா சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய தேக்குக் கதவைப் போட்டுவிட்டு அதற்கு ஏன் கோவணம் கட்டி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கதவுக்கு இரண்டு மாதச் சம்பளம் போயிருந்தது. குளிரோ கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மே மாதத்தில் கதவைச் செய்து மாட்டினோம். ஆகஸ்டில் மழையின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பியது, கதவு நிலையில் இடித்தது. தச்சரை அழைத்தேன். அவர் இழைப்புளியை எடுத்து, பூட்டுப் பக்க விளிம்பில் தாராளமாகச் சீவித் தள்ளினார். கதவு வழுக்கிக்கொண்டு மூடியது, எனக்கும் மகிழ்ச்சி. டிசம்பரில் மரம் காய்ந்து சுருங்கியபோது, சீவிய இடத்தில் என் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு தெரிந்தது. ஊரில் பிறந்து வளர்ந்த நமக்குக் கதவு என்றால் திருடனுக்கும் நாய்க்கும்தான். சென்னையிலும் தஞ்சையிலும் கதவிடுக்கில் காற்று வந்தால் நல்லது என்றுதான் நினைப்போம். தில்லிக்குக் குடிவந்தவர்கள் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் படி: எவ்வளவு குளிருக்குக் கதவு வேண்டும்?

கடையில் கால் வைப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுவோம். அலுப்பாக இருக்கும். ஆனால் இதைப் போடாததால்தான் நான் தேக்கு வாங்கினேன்.

இந்தியாவைக் கட்டட விதிகள் ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கின்றன. சென்னை வெப்பமும் ஈரமும் கொண்டது, பெங்களூரு மிதமானது, சிம்லாவும் லடாக்கிலுள்ள லேவும் குளிர் மண்டலம். தில்லி 'கலப்பு' மண்டலம். அதாவது ஜனவரி விடியலில் 4, 5 டிகிரி, ஜூன் மதியத்தில் 45 டிகிரி, ஆகஸ்டில் துணி காயாத ஈரம். ஒரே கதவு இந்த மூன்றையும் தாங்க வேண்டும். குளிருக்கு மட்டும் பார்த்து வாங்கினால் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது கணக்கு. 35 மில்லிமீட்டர் தடிமனுள்ள கெட்டி மரக்கதவின் வெப்பக் கடத்தல் அளவு, அதாவது யு-மதிப்பு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2.5 வாட். 3 அடிக்கு 7 அடிக் கதவின் பரப்பு 1.9 சதுர மீட்டர். ஹீட்டர் ஓடும் அறைக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், பலகை வழியாக வெளியேறும் வெப்பம் 47 வாட். நடுவில் நுரை அடைத்த உயர்ந்த கதவாக மாற்றினால் இது 20 வாட் அளவுக்குக் குறையலாம். ஆக, கதவைப் பன்மடங்கு விலைக்கு மாற்றி மிச்சப்படுத்துவது முப்பது வாட்டுக்கும் குறைவு.

அதே கதவின் அடியில் 12 மில்லிமீட்டர் இடுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது 108 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது மெல்லிய காற்றாக, குளிர் உள்ளே வந்தால் அதைச் சூடாக்க 130 வாட் தேவை. மேலும் அந்தக் காற்று நேராகக் கணுக்காலில் வந்து அடிக்கும். மூன்று பக்க இடுக்கையும் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

தில்லியில் பலகைக்குச் செலவிடுவதைவிட இடுக்குக்குச் செலவிடுவது லாபம் என்று நான் சொல்வது இதனால்தான். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை.

இரண்டாம் படி: குளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பழைய கதவைக் கழற்றும் முன் ஓர் இரவு இதைச் செய்யுங்கள். சமையலறை, குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் காற்றுவிசிறிகளைப் போட்டுவிட்டு மற்ற ஜன்னல்களைச் சாத்துங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவின் நாலு ஓரத்திலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக மேலே எழும் இடம் நன்றாக இருக்கிறது. உள்பக்கம் சாய்ந்து ஓடும் இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரைக் கைவிளக்குடன் நிற்கச் சொல்லி உள்ளிருந்து பாருங்கள். ஒளி தெரியும் இடமெல்லாம் காற்றுக்கும் வழி.

எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்தபோதுதான், கதவுக்கும் நிலைக்கும் நடுவே வந்ததைப் போலவே நிலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்தும் புகை சாய்வது தெரிந்தது. மரச்சட்டம் காய்ந்து சுவரைவிட்டு விலகியிருந்தது. எவ்வளவு நல்ல கதவு வாங்கினாலும் அது சரியாகியிருக்காது.

பழைய வீடுகளில் உத்தரத்துக்கு அருகே சிறு வெளிச்சத்துளை இருக்கும், 'ரோஷன்தான்' என்பார்கள். சூடான காற்று அது வழியே மேலே போகும், அந்த இடத்தை நிரப்பக் கதவின் அடியிலிருந்து குளிர் இழுக்கப்படும். கதவை மட்டும் குறை சொல்லாமல் அண்ணாந்தும் பாருங்கள்.

மூன்றாம் படி: நிலை

கதவைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்பவர்கள் நிலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். கதவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிலையை மாற்றச் சுவரை இடிக்க வேண்டும்.

தில்லியில் நிலைக்கு வழக்கமான மரம் சால். கனமானது, உறுதியானது, ஆனால் சரியாகக் காயாத சால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய நிலையில் எந்தக் கதவும் நாலு மூலையிலும் ஒட்டாது. மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவி நல்ல மரக்கடைகளில் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 18, 20 என்று காட்டினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கரையான் தொல்லை உள்ள தரைத்தள வீட்டுக்கும் குளியலறைக்கும் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி நிலை போதும். பழைய அடுக்கக வீடுகளில் இரும்பு நிலையே இருக்கும். இரும்பு குளிரைக் கடத்தும் என்பது உண்மை, ஆனால் மெல்லிய சட்டத்தின் வழியே போகும் வெப்பத்துக்காக அதைப் பெயர்க்க வேண்டியதில்லை. சுவரோடு சேரும் இடத்தை மட்டும் அடைத்துவிடுங்கள்.

தச்சரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். கதவு வந்து உட்காரும் காடியை முழுத் தடிமனுக்கும் ஆழமாக வெட்ட வேண்டும். வாசல் நிலைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டைக் காடி வேண்டும். நிலையைச் சுவரில் பிடிக்கும் இரும்புப் பிடிகள் பக்கத்துக்கு மூன்று வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெளியைச் சிமெண்டாலோ உப்பும் நுரையாலோ அடைத்து, மேலே சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். பூச்சு வேலை முடிந்து நாலு மாதம் கழித்து ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். அப்போது மீண்டும் ஒரு முறை சிலிக்கான் பூசினால் வேலை முடிந்தது.

நான்காம் படி: வாசற்கதவு

தேக்குப் பலகையை ஒரே வீச்சாகச் சேர்த்துச் செய்யும் கதவு அழகு. ஆனால் மரம் நீளவாட்டில் அசையாது, குறுக்குவாட்டில்தான் உப்பிச் சுருங்கும். மூன்றரை அடி அகலத்துக்குப் பலகைகளை ஒட்டிச் சேர்த்தால், ஆகஸ்டுக்கும் ஜூனுக்கும் இடையில் அகலம் சில மில்லிமீட்டர் மாறும். பழைய தச்சர்கள் இதை அறிந்துதான் சட்டம் கட்டி, நடுப்பலகையைக் காடிக்குள் ஒட்டாமல் சும்மா நிறுத்தினார்கள். பலகை உள்ளுக்குள் அசைந்துகொள்ளும், சட்டத்தின் அளவு அதிகம் மாறாது. தேக்குதான் வேண்டும் என்றால் இந்த முறையில் செய்யுங்கள். நடுப்பலகையைப் பசை போட்டு இறுக்கிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். இவ்வகைக் கதவுகளுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 1003.

என் இன்றைய தேர்வு, உள்ளே கெட்டி மரத்துண்டுகள் அடைத்து இரு புறமும் பிளைவுட் ஒட்டிய 35 மில்லிமீட்டர் ஃபிளஷ் கதவு. ஈரத்துக்கு இது குறைவாகவே அசையும். ஐ.எஸ். 2202 முத்திரை இருக்கிறதா என்று விளிம்பில் பாருங்கள். விரல் முட்டியால் கதவின் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரிக் கெட்டியான ஒலி வர வேண்டும். நடுவில் முறம் தட்டுவதுபோல் ஒலித்தால் உள்ளே வெற்றிடம். தூக்கியும் பாருங்கள். 3 அடிக்கு 7 அடி அளவுள்ள நல்ல கதவு 35, 40 கிலோ எடையிருக்கும், ஒருவர் ஒரு கையால் நகர்த்த முடிந்தால் அது வாசலுக்கு உரியதல்ல. தேக்கின் தோற்றம் வேண்டுமானால் மேலே மெல்லிய தேக்குத் தோல் ஒட்டிக்கொள்ளலாம். விருந்தாளிகள் தட்டிப் பார்ப்பதில்லை.

இரும்புத் தகட்டுக் கதவுகளும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இவற்றின் தரம். பாலியூரிதேன் நுரை என்றால் மரத்தைவிடப் பல மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். தேன்கூடு போன்ற காகித அடைப்பு என்றால் பூட்டு மட்டும்தான் உறுதி. வெறும் தகடு என்றால் ஜனவரி விடியலில் உள்பக்கம் கை வைத்துப் பாருங்கள், காரணம் புரியும். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுக் கதவுக்குப் பெரும்பாலும் வெறும் தகட்டைத்தான் போடுகிறார்கள். வெயிலும் மழையும் குளிரும் நேராக அடிக்கும் அந்த ஒரு கதவுக்கு நுரை அடைத்தது வாங்குவது வீண் செலவல்ல.

எந்தக் கதவானாலும் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. முகத்துக்கும் முதுகுக்கும் பாலிஷ் போடும் தச்சர், மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் விட்டுவிடுவார், கண்ணுக்குத் தெரியாது என்பதால். மரம் ஈரத்தைக் குடிப்பதே அந்த வெட்டுவாய் வழியாகத்தான். கதவை மாட்டுவதற்கு முன் ஆறு பக்கமும் பூச வேண்டும். மாட்டிய பிறகு அடி விளிம்புக்குத் தூரிகை போகாது.

கீல்கள் மூன்று கட்டாயம், கதவு கனமென்றால் நான்கு. துருப்பிடிக்காத எஃகில் 4 அல்லது 5 அங்குலம். மலிவான கீல் ஒரு வருடத்தில் தளர்ந்து, கதவு மூக்கைத் தொங்கப் போடும். உடனே பூட்டுப் பக்க மேல்மூலையில் முக்கோணமாக ஓர் இடுக்கு திறக்கும். ஆயிரக்கணக்கில் கதவுக்குக் கொடுத்துவிட்டுக் கீலில் நூறு ரூபாய் பேரம் பேசுவது நம்மவர்களின் பழைய பலவீனம்.

ஐந்தாம் படி: இடுக்கை அடைப்பது

கதவுக்கும் நிலைக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்டில் மீண்டும் இழைப்புளி வரும். இடைவெளியை விட்டுவிட்டு ரப்பரால் அடைப்பதே முறை.

மேற்புறத்திலும் பக்கங்களிலும் வேண்டியது, நடுவில் குழல்போல் வெற்றாக இருக்கும் இபிடிஎம் ரப்பர் பட்டை. இதைக் கதவின் விளிம்பில் ஒட்டக்கூடாது. மூடும்போது கதவின் முகம் வந்து அழுத்தும் நிலைக்காடியின் உள்முகத்தில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் உரசித் தேயாமல் அமுங்கும். எந்தத் தடிமன் வாங்குவது? சப்பாத்தி மாவில் சிறு உருண்டைகள் பிடித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காடியில் ஆறேழு இடங்களில் வைத்துக் கதவைப் பூட்டித் திறங்கள். நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் அந்த இடத்தின் இடுக்கு. அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அதிகமான பட்டை போதும். இன்னும் தடித்ததை ஒட்டினால் பூட்டு விழாது, வீட்டில் எல்லோரும் கதவைத் தோளால் இடித்து மூடுவார்கள், மார்ச்சுக்குள் கீல் போய்விடும்.

சந்தையில் கிடைக்கும் மலிவான பஞ்சுநுரைப் பட்டை ஒரு குளிர்காலத்துக்குத்தான் தாங்கும். எந்தப் பட்டையானாலும் ஒட்டுமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அக்டோபர் மதியத்தில் ஒட்டுங்கள். ஜனவரிக் குளிரில் பசை பிடிக்காது. நான் ஜனவரியில் ஒட்டியது மறுநாள் காலை தரையில் பாம்புச் சட்டைபோல் கிடந்தது.

அடிப்பக்கம்தான் சிக்கல். நம் ஊர் வீடுகளில் மஞ்சள் பூசிக் கோலமிடும் வாசற்படி, கதவின் அடி விளிம்பைத் தடுத்து நிறுத்தியது. இன்றைய அடுக்ககங்களில் கூடத்துத் தரை நடைபாதை வரை வழுக்கிக்கொண்டு போகிறது. 12 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கிரானைட் பட்டையைக் கதவுக்கு அடியில் பதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். வயதானவர்கள் தடுக்காமல் இருக்க ஓரங்களைச் சரித்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி புழங்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

அதற்கு அடுத்தது, அலுமினியப் பட்டையில் ரப்பர் நாக்கு பொருத்திய அடிப்பட்டை. உள்பக்கத்தில் திருகாணியால் பொருத்தலாம். நாக்கு தரையைத் தொட்டும் தொடாமலும் வருட வேண்டும், மடங்கினால் விரைவில் கிழியும். இவற்றில் சிறந்தது கதவின் அடியில் காடி வெட்டிப் புதைக்கும் தானியங்கிப் பட்டை. கீல் பக்கம் ஒரு சிறு குமிழ் இருக்கும். கதவு மூடும்போது நிலை அந்தக் குமிழை அழுத்தும், ரப்பர் கீழே இறங்கித் தரையில் அமரும். திறந்தால் மேலே ஏறிவிடும். தரை ஏற்ற இறக்கமாக இருந்தாலும் சமாளிக்கும். புதுக் கதவுக்குச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். மாட்டிய கதவைக் கழற்றி அடியில் காடி வெட்ட எந்தத் தச்சரும் முகம் சுளிப்பார்.

இவை எதுவும் முடியாதென்றால் என் அம்மா செய்தது இருக்கிறது. பழைய சேலைத் துணியைக் குழாயாகத் தைத்து, மணலை நிரப்பி, இரு முனையையும் முடிந்துவிட்டார். வேட்டிச் சுருள் காற்றுக்கு நகர்ந்துபோகும், மணற்பாம்பு நகராது.

இடுக்கை அடைப்பதில் தில்லிக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நவம்பரில் ஊரை மூடும் புகைமூட்டமும் வருவது இதே வழியில்தான். ரப்பர் பட்டை போட்ட ஆண்டிலிருந்து வாசலருகே படியும் கரித்தூசியின் அளவு குறைந்ததை வீட்டைப் பெருக்குகிறவர்தான் முதலில் கவனித்தார்.

ஆறாம் படி: வெளியே ஒரு ஜாலிக் கதவு

தில்லி வீடுகளில் வாசலுக்கு வெளியே வலையடித்த, அதாவது 'ஜாலி' போட்ட, இரண்டாம் கதவு ஒன்று இருக்கும். கோடையில் உட்கதவைத் திறந்துவைத்துக் காற்று வாங்குவதற்கும், யார் என்று பார்த்துப் பேசுவதற்கும் வசதி. குளிர்காலத்தில் அது சும்மா நிற்கிறது. அதன் வலைமீது 3 அல்லது 4 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு ஒன்றைக் கையால் கழற்றக்கூடிய திருகுகளால் மாட்டிவிட்டால், இரண்டு கதவுகளுக்கும் நடுவில் அசையாத காற்று அடைபடும். அசையாத காற்றைப்போல் மலிவான குளிர்த்தடுப்பு வேறில்லை. இரட்டைக் காடி கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். எங்கள் வீட்டில் தீபாவளி முடிந்ததும் தகடு ஏறும், ஹோலிக்கு இறங்கும்.

ஏழாம் படி: பால்கனிக் கதவு

இங்கே மட்டும் என் கணக்கு கொஞ்சம் மாறுகிறது, ஏனென்றால் கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடியின் யு-மதிப்பு 5.7 அளவில் இருக்கும். மரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அறை 18 டிகிரி, வெளியே 5 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 8, 9 டிகிரிக்கு இறங்கிவிடும். நாலு பேர் உறங்கி எழுந்த அறையின் ஈரம் அதில் முத்து முத்தாக வியர்த்து, வழிந்து, சட்டத்தின் மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கும். நடுவில் 12 மில்லிமீட்டர் காற்றடைத்த இரட்டைக் கண்ணாடியில் உள்முகம் 13 டிகிரி வரை நிற்கும், வியர்க்காது. கோடையின் அனலையும் தெருவின் ஹாரன் சத்தத்தையும் அது குறைக்கும் என்பதால் வருடம் முழுவதும் பயன்.

ஆனால் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவில் இரட்டைக் கண்ணாடி போடுவது ஓட்டைப் பானைக்கு ஈயம் பூசுவது. அதன் இரு பலகைகளும் ஒன்றையொன்று தாண்டி ஓட வேண்டியிருப்பதால், நடுவில் மெல்லிய பிரஷ் பட்டைதான் அடைப்பு. கீலில் திறக்கும் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) கதவில் சுற்றிலும் ரப்பர் அமுங்கும், ஒரே கைப்பிடியைத் திருப்பினால் மூன்று நான்கு இடங்களில் தாழ் விழும். இடம் இருந்தால் இதையே வாங்குங்கள். அலுமினியம்தான் பிடிக்கும் என்றால் உள்சட்டத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பாலியமைடு பட்டை உள்ளதைக் கேளுங்கள்.

திசையையும் பாருங்கள். டிசம்பர் கடைசியில் தில்லியில் உச்சிச் சூரியன் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தெற்குக் கண்ணாடிக் கதவு வழியாக வெயில் அறைக்குள் வெகுதூரம் வந்து படுக்கும். ஜூனில் தலைக்கு நேர் மேலே போய்விடுவதால், கதவுக்கு மேல் நீளும் சிறு தாழ்வாரமே அதை மறைத்துவிடும். எனவே தெற்கே பெரிய கண்ணாடி, வடக்கிலும் மேற்கிலும் சிறிய, இறுக்கமான கதவு. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்றும் அந்தப் பக்கம்தான் மோதும்.

எட்டாம் படி: உட்கதவுகள்

நம் வீடுகளில் முழு வீட்டையும் சூடாக்குவதில்லை. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஹீட்டர் உள்ள ஒரே அறையில் போர்வைக்குள் ஒண்டிக்கொள்கிறோம். ஆகவே எல்லா உட்கதவுக்கும் செலவிட வேண்டாம். ஹீட்டர் வைக்கும் படுக்கையறைக்கு மட்டும் 30 அல்லது 35 மில்லிமீட்டர் கெட்டி ஃபிளஷ் கதவும் மூன்று பக்கமும் ரப்பர் பட்டையும் போடுங்கள். மற்ற அறைகளுக்கு 30 மில்லிமீட்டர் போதும், பட்டை வேண்டாம். குளியலறைக்கு மரமே வேண்டாம், டபிள்யூபிசி. பூஜையறைக் கதவில் மணி கட்டத் துளை போடுவது உங்கள் விருப்பம், அதற்குக் குளிர் இலக்கணம் இல்லை.

ஆனால் ஒன்றில் விளையாடக்கூடாது. அறையை இறுக்கமாக அடைத்துவிட்டு உள்ளே நெருப்பு மூட்டக்கூடாது. கரி அடுப்பை, 'அங்கீட்டி' என்பதை, படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தி வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. அரைகுறையாக எரியும் கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே மூச்சை நிறுத்திவிடும். குளியலறைக்குள் எரிவாயு கீசர் வைப்பதும் இதே ஆபத்து. மின்சார ஹீட்டர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் எங்காவது விரலளவு திறப்பு இருக்கட்டும். குளியலறைக் கதவின் அடியில் சாய்வுப் பலகைத் திறப்போ ஓர் அங்குல இடைவெளியோ வேண்டும், இல்லாவிட்டால் காற்றுவிசிறிக்கு இழுக்கக் காற்று கிடைக்காது.

சமையலறைக் கதவின் அடி இடுக்கை அடைக்கவே கூடாது. சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேற அந்த இடுக்கு வேண்டும்.

மலையில் வீடு உள்ளவர்களுக்கு

ஓய்வுபெற்றபின் சிம்லாப் பக்கமோ தர்மசாலாவிலோ சிறு வீடு வாங்கும் தில்லித் தமிழர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அங்கே என் முப்பது வாட் கணக்கு செல்லாது. லேயில் ஜனவரி இரவில் உள்ளுக்கும் வெளிக்கும் 35 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும், அதே மரக்கதவு 165 வாட்டுக்கு மேல் இழக்கும். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, குளிர் மண்டல வீடுகளின் வெளிச்சுவர்ப் பரப்புக்குக் கதவு ஜன்னல்களையும் சேர்த்து யு-மதிப்பு 1.8-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் மரக்கதவு அதற்குள் வராது. அங்கே நுரை அடைத்த கதவு, அதற்கு முன் நாலடி நீளத்தில் சிறு முன்னறை, அதற்கு இன்னொரு கதவு என்று போக வேண்டும். ஒரு கதவை மூடிய பிறகே மறு கதவைத் திறப்பது வழக்கமாகிவிடும். பனி குவியும் இடத்தில் வாசற்கதவு உட்பக்கம் திறக்கட்டும். வெளிப்பக்கம் திறந்தால் ஒரு காலையில் பனி உங்களைச் சிறை வைத்துவிடும். மரம் வேண்டுமென்றால் மலையின் மரமான தேவதாருவையே கேளுங்கள், அது அந்தக் குளிருக்குப் பழகியது.

ஒன்பதாம் படி: கடைக்குப் போவதும் மாட்டுவதும்

தில்லியில் மரத்துக்கும் கதவுக்கும் கீர்த்தி நகர். போகும் முன் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் பேரம் எளிது. நிலை 'சௌகட்'. கதவு 'பல்லா'. கீல் 'கப்ஜா'. தேக்கு 'சாக்வான்'. கரையான் 'தீமக்'. இழைப்புளி 'ரந்தா', இந்தச் சொல் தச்சர் வாயிலிருந்து ஆகஸ்டில் வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். தாழ்ப்பாள் 'சிட்கனி'. கொண்டிக்கு இந்தியில் உள்ள பெயரை மட்டும் இங்கே எழுத மாட்டேன். குடும்பத்தோடு கடைக்குப் போனால் விரலால் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவெடுக்கும்போது நிலையின் அகலத்தை மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும், உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் நிலை கோணல், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

மாட்டுவதற்கு உகந்த காலம் அக்டோபரும் நவம்பர் முதல் பாதியும். மழையின் ஈரம் வடிந்திருக்கும், மரம் அதிகம் காய்ந்தும் இருக்காது. புதுக் கதவை வாங்கி வந்து ஒரு வாரமாவது வீட்டுக்குள்ளேயே படுக்கை வாட்டில் வைத்திருந்து பிறகு மாட்டுங்கள். முதல் ஆகஸ்டில் லேசாக இடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெழுகு தடவிப் பாருங்கள், செப்டம்பர் வரை பொறுங்கள். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

வாடகை வீட்டிலும் அரசுக் குடியிருப்பிலும் இருப்பவர்கள்

ராமகிருஷ்ணபுரத்தில் பல வருடங்கள் அரசுக் குடியிருப்பில் இருந்தவன் நான். கதவில் ஓர் ஆணி அடிக்கவும் யோசிக்க வேண்டும், எப்போது மாற்றல் வரும் என்றும் தெரியாது. திருகாணி இல்லாத வழிகள் இருக்கின்றன. காடியில் ஒட்டும் ரப்பர் பட்டை, அடியில் கதவின் இரு புறமும் கவ்வும் இரட்டைக் குழல் துணிப்பட்டை, சாவித் துளைக்கு மூடி, கதவுக்கு உள்பக்கம் தரைவரை தொங்கும் கனத்த திரை. திரைக்கம்பியைக் கதவின் மேல்விளிம்புக்கு அரையடி மேலே, இரு பக்கமும் அரையடி கூடுதலாக மாட்டினால் ஓரக் காற்றும் அடங்கும். ரஜாய்க்கு, அதாவது பஞ்சுப் போர்வைக்கு, துணியில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் பல சந்தைகளில் இருக்கிறார்கள், கதவளவுக்குச் சொல்லித் தைத்துக்கொள்ளலாம்.

மார்ச்சில் எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் ஏற்றும்போது, கழன்று வரும் ரப்பர் பட்டைகளை மடிக்காமல் உருளையாகச் சுற்றி வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் அடுத்த ஜனவரியில் ஊதுபத்திப் புகை சாயும்.